சூனியக்காரிக்கு ஆராயி என்று பெயர் வந்த கதை

இணையத்தில் ஒரு பேட்டி கிடக்கிறது. இருபத்திரண்டு நிமிடம் ஓடும். சென்னையில் கார்ட்டூன் படம் எடுக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிற கோகுலகிருஷ்ணன் என்ற எங்கள் ஊர்ப் பிள்ளை அதில் கறுப்புச் சட்டை போட்டு உட்கார்ந்திருப்பான். எட்டாவது நிமிடத்தில் பேட்டி எடுக்கும் பெண் கேட்கிறாள்: "'மண்கோட்டை இளவரசி'யில வர்ற சூனியக்காரி ஆராயியத் தெரியாத குழந்தையே இப்ப கிடையாது. அந்தப் பேரு, அந்த முகம், அந்தக் குச்சி, இதெல்லாம் எங்கேருந்து புடிச்சீங்க?"

அவன் சிரித்துக்கொண்டே சொல்கிறான்: "எங்க ஊரு விருத்தாசலம். பீங்கான் ஊரு. எங்க அம்மா வேலை பார்த்த கம்பெனில ஒருத்தவங்க இருந்தாங்க. தலை, புருவம் எல்லாம் வெள்ளை மாவு. மூக்கு வாயச் சுத்தி ஒரு துணி. ஒரு கண்ணு பாதி மூடியே இருக்கும். ஒவ்வொரு சாமானா குச்சியால தட்டிப் பாத்து, 'சத்தம் சரியில்ல'ன்னு சொல்லிட்டு டமால்னு ஒடைச்சிடுவாங்க. சின்ன வயசுல எனக்குக் கனவுலகூட வருவாங்க. பேரும் ஆராயிதான். அப்படியே எடுத்துக்கிட்டேன்."

அவ்வளவுதான், முப்பது விநாடி. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எனக்கு ஆத்திரமே அதுதான். பொய் சொல்லியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

நான் சிவசங்கரி. எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு, பெண்ணாடம் ரோட்டில் உள்ள ஒரு மழலையர் பள்ளியில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு 'அ' சொல்லிக் கொடுக்கிறேன். ஆராயி அக்கா எங்கள் தெருக்காரர். தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கிற தெரு. எங்கள் பள்ளியில் மூன்று வருடம் ஆயாவாக இருந்தார். அந்த வேலை போய்விட்டது என்று அவரிடம் சொன்ன வாய் என்னுடையது. ஆகவே இந்தக் கதையில் எனக்கும் ஒரு வேஷம் உண்டு. நல்ல வேஷம் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

அவன் முப்பது விநாடியில் சொல்லி முடித்ததை நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெயர். அவருக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. மூன்றாவதாவது நிற்கட்டும் என்று பெற்றவர்கள் குலதெய்வத்தின் பெயரை வைத்தார்கள். பிள்ளை நின்றது. இதே மாவட்டத்தில் இருக்கிற மங்களூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து, நாலு வருடத்தில் புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, குழந்தை குட்டி இல்லாமல் பீங்கான் கம்பெனிக்கு வேலைக்குப் போனது.

வெள்ளைத் தலைக்கு ரகசியம் ஒன்றும் இல்லை. அந்தக் கம்பெனிகளில் வேலை செய்கிற எல்லோருக்கும் சாயந்தரம் வெளியே வரும்போது தலை வெள்ளைதான். முகத்தில் கட்டிய துணி, அந்த மாவு நெஞ்சுக்குள் போகாமல் இருப்பதற்கு. போகாமல் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. இப்போது அவர் இருமினால் நாலு வீடு தள்ளி எனக்குக் கேட்கும்.

அந்தக் கம்பெனி அப்போது ஃபியூஸ் கட்டை செய்தது. மீட்டர் பெட்டியில் கம்பி சுற்றிச் செருகுவோமே, அந்த வெள்ளைப் பீங்கான் கட்டைதான். சூளையிலிருந்து வந்ததும் ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும். அதுதான் ஆராயி அக்காவின் வேலை. துளைக்குள் வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இடது கண்ணை மூடி வலது கண்ணால் பார்க்க வேண்டும். இருபத்தாறு வருடம் அப்படிப் பார்த்ததில் இடது இமை பாதியில் இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. பிறகு குச்சி. புளியங்கிளையில் செதுக்கி, நுனியில் சைக்கிள் டியூப் சுற்றியது. அதால் லேசாகத் தட்டினால் நல்ல கட்டை கணீரென்று பேசும். உள்ளே மயிரிழை வெடிப்பு இருந்தாலும் சத்தம் அமுங்கிவிடும். அரவை மிஷின் இரைச்சலில் வலது காது மந்தமாகிவிட்டதால், தலையைச் சாய்த்து இடது காதால் கேட்பார். கார்ட்டூனில் சூனியக்காரி தலையைச் சாய்த்துக்கொண்டு வருகிறாளே, அது இங்கிருந்து போனதுதான்.

சத்தம் சரியில்லை என்றால் பக்கத்தில் இருக்கிற கல்லில் அடித்து உடைப்பார். மற்ற கம்பெனிகளில் அப்படிச் செய்ய மாட்டார்கள். கழிவை ஓரமாகக் குவிப்பார்கள். இரண்டாம் தரம் என்று சொல்லி யாராவது அள்ளிக்கொண்டு போவார்கள். ஆராயி அக்கா அள்ளவே விட மாட்டார். முதலாளி வந்து கத்தியிருக்கிறார். மற்ற பெண்கள் சாபம் விட்டிருக்கிறார்கள், அவர்கள் வார்த்தது உடைந்தால் அவர்கள் கணக்கில் சேராதே. அக்கா யாருக்கும் காரணம் சொன்னதில்லை.

என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், அவருடைய தம்பி சாமிக்கண்ணு மங்களூரில் ஒரு கரும்புக் கொல்லையில் மோட்டார் போடப் போனவன், மழையில் ஃபியூஸ் கட்டையைத் தொட்டு அப்படியே விழுந்துவிட்டான். கட்டை வெடித்திருந்தது. அதில் எந்தக் கம்பெனிப் பெயரும் இல்லை. "அது எங்கையி பட்டு வந்ததான்னு எனக்குத் தெரியாது சங்கரி. தெரியாததுதான் பெரிய ரோதனையா இருக்குது" என்றார்.

இதெல்லாம் முப்பது விநாடியில் அடங்காது என்பது எனக்கும் தெரியும்.

இருமல் அதிகமாகி, ஐம்பத்து நாலு வயதில் கம்பெனியை விட்டு நின்றார். எங்கள் பள்ளியில் ஆள் தேடினார்கள். நான்தான் கூட்டிக்கொண்டு போய் விட்டேன். வேனிலிருந்து பிள்ளைகளை இறக்குவது, மூக்கைத் துடைப்பது, கழுவி விடுவது, சோறு ஊட்டுவது, மத்தியானம் பாய் விரித்துத் தூங்க வைப்பது. சிடுசிடுப்புக்குப் பேர் போன மனுஷி பிள்ளைகளிடம் எப்படி இருப்பாரோ என்று எனக்குப் பயம்தான். ஒரு மாதத்தில் பள்ளியில் இருந்த அத்தனை வாண்டுகளும் அவர் முந்தானையில் தொங்கின. பிள்ளைகள் அவர் பெயரைக் கவனித்ததில்லை. 'ஆயா' என்பார்கள்.

அதிலும் பாஹிமா. கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கிற குடும்பம். அப்பா குவைத்தில், அம்மா ஆரிஃபா. மூன்றரை வயதில் பள்ளிக்கு வந்து முதல் பத்து நாள் அழுது தீர்த்த குழந்தை, பதினோராம் நாள் ஆராயி அக்காவின் மடியில் படுத்துத் தூங்கியது. அதற்குப் பிறகு வேறு எங்கும் தூங்க மாட்டேன் என்றுவிட்டது. அக்காவின் பாதி மூடிய இமையை விரலால் தூக்கிப் பார்த்து, "ஆயா, இந்தக் கண்ணு தூங்குதா?" என்று கேட்கும். "ஆமா கண்ணு, நீ தூங்குனா இதுவும் தூங்கும்" என்பார். குழந்தை தூங்கிய பிறகும் கால் மரத்துப்போகிற வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் இறக்கிவிடச் சொன்னதற்கு, "கெடக்கட்டும் சங்கரி. இவ்ளோ நாளா எங்கையில இருந்து எல்லாம் ஒடஞ்சிதான் போச்சுது" என்றார். அந்த மடி அவருக்கு எவ்வளவு பெரிய சொத்து என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

போன பொங்கல் விடுமுறையில் 'மண்கோட்டை இளவரசி' வந்தது. வாரத்துக்கு இரண்டு பகுதி, எல்லார் வீட்டு போனிலும். கதை பெரிதாக ஒன்றும் இல்லை. காட்டுக்குள் ஒரு சூளைக்கோட்டை, அதற்குள் வெள்ளை முடியும் பாதி மூடிய கண்ணுமாக ஒரு சூனியக்காரி. பிள்ளைகளைப் பிடித்து வந்து வரிசையாக நிற்க வைத்து மண்டையில் குச்சியால் தட்டுவாள். தலையைச் சாய்த்துக் கேட்பாள். "சத்தம் சரியில்லையே!" என்று கத்திவிட்டு அந்தப் பிள்ளையைச் சூளைக்குள் போடுவாள். முதல் பகுதியைப் பார்த்ததுமே எனக்கு அக்காதான் தெரிந்தார். படம் வரைந்தது அம்சவல்லி மகன் கோகுலகிருஷ்ணன் என்று பிறகுதான் தெரிந்தது. அம்சவல்லி, ஆராயி அக்காவோடு ஒரே கம்பெனியில் இருந்தவள். வேலைக்கு வரும்போது பையனையும் இழுத்துக்கொண்டு வருவாள்.

பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறேன். அது என் முதல் தப்பு. இரண்டாவது தப்பு விடுமுறை முடிந்த அன்று நடந்தது. வேன் வந்து நின்றது. நான் வாசலிலிருந்து, எப்போதும் கூப்பிடுகிற மாதிரி, "ஆராயி அக்கா, பாஹிமாவ மொதல்ல எறக்குங்க" என்று குரல் கொடுத்தேன்.

வேனுக்குள் சத்தம் அப்படியே நின்றது. கதவைத் திறந்து கையை நீட்டிக்கொண்டு நிற்கிற ஆயாவைப் பதினாலு பிள்ளைகளும் புதிதாகப் பார்த்தார்கள். நரைத்த தலை, பாதிக் கண், சாய்ந்த கழுத்து. பின்சீட்டில் இருந்த ஒருத்தன் அலறினான். பிறகு எல்லோரும் அலறினார்கள். பாஹிமா சீட்டுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டு, "என்ன அடுப்புல போட்டுருவியா ஆயா?" என்று கேட்டது. அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மத்தியானம் என் போனில் போட்டுக் காண்பித்தேன். மூன்று நிமிடம் பார்த்தார். முகத்தில் மாற்றமே இல்லை. "குச்சிய இப்புடிப் புடிக்க மாட்டேன். கட்ட வெரல மேல வச்சிப் புடிக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

தாளாளர் அன்பரசி மேடம் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எழுத வசதியாக இருந்திருக்கும். பெயரை மாற்றிப் பார்ப்போம் என்றார். மறுநாள் முதல் அக்கா 'லட்சுமி ஆயா' ஆனார். "என்னா பேரா இருந்தா என்னா, புள்ளைங்க பயப்படாம இருந்தா சரி" என்றார் அக்கா. அதோடு விடவில்லை. புருஷன் போன நாளிலிருந்து கண்ணாடி பார்க்காத மனுஷி, கடையில் தலைக்குக் கறுப்பு டை வாங்கி என் வீட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்து பூசிக்கொண்டார். இருபது ரூபாய்க்கு ஒரு கறுப்புக் கண்ணாடி. தெருவில் சிரித்தார்கள். "யக்கா, சினிமாவுல சேந்துட்டியா?" என்று கேட்டவர்களும் உண்டு. அவர் காதில் வாங்கவே இல்லை. அவருக்கு வேண்டியது ஒன்றுதான், பாஹிமா மறுபடியும் மடிக்கு வர வேண்டும்.

வந்தது. பிப்ரவரி கடைசியில் ஒரு மத்தியானம், பாயிலிருந்து மெல்ல உருண்டு உருண்டு வந்து தலையை மட்டும் மடியில் வைத்தது. "நீ லச்சுமிதான?" என்று ஒரு முறை உறுதி செய்துகொண்டது. "லச்சுமிதான் கண்ணு" என்றார் அக்கா.

மார்ச்சில் ஆண்டு விழா வந்தது. பிள்ளைகளுக்குப் பால் கொடுக்க, ஊர்ப் பெருமையாக இருக்கட்டும் என்று மேடம் அறுபது பீங்கான் கப் வாங்கி வந்தார். பெட்டியைப் பிரித்து மேஜையில் அடுக்குவது அக்காவின் வேலை. பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். நான் பால் குண்டானோடு வருகிறேன். அக்கா ஒரு கப்பை எடுத்தார். விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினார். தலை தானாகச் சாய்ந்தது. இரண்டாவது கப், மூன்றாவது கப். இந்த ஊரில் பீங்கானைக் கையில் எடுத்துத் தட்டாமல் கீழே வைக்கிறவர்கள் யாருமில்லை. நானே தட்டுவேன். அவர் இருபத்தாறு வருடம் தட்டியவர். கை செய்தது, மனது அதில் இல்லை. நாலாவது கப்பில் வாயும் சேர்ந்துகொண்டது.

"சத்தம் சரியில்ல."

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவே எனக்குக் கூசுகிறது. வரிசை சிதறியது. நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கதவுக்கு ஓடினார்கள். பாஹிமா படியில் தடுக்கி விழுந்து உதடு கிழிந்தது. அக்கா தூக்கப் போனார். குழந்தை வாயெல்லாம் ரத்தமாக, "நீ பொய் சொன்ன, நீ ஆராயிதான்" என்று அவர் கையை அடித்துத் தள்ளியது. கண்ணாடி கீழே விழுந்தது.

உதட்டில் இரண்டு தையல். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கு எழுதப்பட்டதை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஆரிஃபா மட்டும் நேரில் வந்தாள். சத்தம் போடவில்லை. "டீச்சர், அவங்க மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்லைங்க. ஆனா புள்ள தூக்கத்துல உதறுது. நான் ஒருத்தியா வூட்டுல வச்சிக்கிட்டு என்னா பண்ணுவேன் சொல்லுங்க" என்றாள். மேடம் என்னைக் கூப்பிட்டு, "உங்க தெருதானே, நீங்களே பக்குவமா சொல்லிடுங்க" என்றார். பக்குவமாகத்தான் சொன்னேன். அக்கா தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, "நான் தட்டாம இருந்திருக்கணும் டீச்சரு" என்று சொல்லிவிட்டுப் போனார். எப்போதும் என்னைச் சங்கரி என்பார். அன்று டீச்சர் என்றுதான் சொன்னார்.

அந்த நாலாவது கப்பை நான் தனியாக எடுத்து வைத்திருந்தேன். சாயந்தரம் ஆபீஸ் அறையில் கொதிக்கிற டீயை அதில் ஊற்றினேன். ஒரு நிமிடம் நின்றது. பிறகு அடி கழன்று டீ மேஜையெல்லாம் ஓடியது. மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஐயோ, அந்த ரெஜிஸ்டர எடுங்க, நனையுது பாருங்க" என்றார்.

மே மாதம் ஊர் இளைஞர்கள் கோகுலகிருஷ்ணனுக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். நான்தான் அக்காவை வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனேன். அவனிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று அவருக்கும் இருந்தது. பெயரை மட்டும் மாற்றச் சொல்ல வேண்டும். பெயர் மாறிவிட்டால் ஜூனில் மறுபடியும் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள் என்று அவராகவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். மேடத்திடம் நான் கேட்டுப் பார்த்திருந்தேன், "பாப்போம்" என்றிருந்தார். அந்தப் 'பாப்போம்' ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இருவரும் போனோம்.

மேடையிலிருந்து அவரைப் பார்த்ததும் கோகுல் இறங்கி ஓடி வந்தான். நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்தான். நடிப்பு இல்லை, கண் கலங்கியிருந்தது. கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப் போய் மைக்கில் சொன்னான்: "இவங்கதான் ஒரிஜினல் ஆராயி!"

விசில் பறந்தது. எல்லா போனும் மேலே எழுந்தது. யாரோ ஒருவர் துடைப்பத்திலிருந்து குச்சியை உருவி அக்கா கையில் திணித்து, "அம்மா, ஒரு தடவ அந்த டயலாக்" என்றார். அக்கா குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கட்டை விரல் மேலே இருந்தது.

விழா முடிந்து சாப்பாட்டுப் பந்திக்குப் பக்கத்தில் அவனைப் பிடித்தோம்.

"தம்பி, எம் மூஞ்சிய வச்சிக்க, குச்சிய வச்சிக்க. அந்தப் பேர மட்டும் மாத்திக் குடுத்துடுய்யா" என்றார் அக்கா.

"பெரியம்மா, உங்க பேரு இன்னைக்கு அமெரிக்காவுல இருக்குற தமிழ்ப் புள்ளைங்களுக்குக்கூடத் தெரியும். பெருமையா இருக்குதில்ல?"

"எனக்குப் பெரும வாணாம். வேல போயிடுச்சுய்யா. புள்ளைங்க கிட்ட வர மாட்டேங்குதுங்க."

அவன் முகம் சுண்டியது. "நெசமா எனக்குத் தெரியாது பெரியம்மா. ஆனா பேரு இப்ப எங்கிட்ட இல்லைங்க. கம்பெனி அத பதிவு பண்ணிடுச்சு. நானே தனியா ஆராயின்னு ஒரு படம் வரைஞ்சா எம்மேல கேசு போடுவாங்க."

எனக்குத் தலைக்கேறியது. அவர் ஏன் உடைத்தார் தெரியுமா என்று ஆரம்பித்து, சாமிக்கண்ணு செத்த கதை முழுவதையும் அங்கேயே கொட்டினேன். அக்கா என் புறங்கையைக் கிள்ளினார், நான் நிறுத்தவில்லை. கோகுல் வாயைத் திறந்தபடி கேட்டான். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "அக்கா, இது செம கதைங்க. வில்லி ஏன் வில்லி ஆனான்னு ரெண்டாவது சீசன்ல வச்சிடலாம். டைரக்டர்கிட்ட நான் பேசுறேன்."

என்னால்தான் தம்பியும் அவர்கள் கதைக்குள் போனான். என்னைத் தவிர யாரிடமும் சொல்லாமல் அக்கா இத்தனை வருடம் வைத்திருந்ததை நான் பந்தி இலைக்குப் பக்கத்தில் வைத்துத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

கிளம்பும்போது அவனே கூப்பிட்டான். "பெரியம்மா, என் குதிர ஞாபகம் இருக்குதா?"

"எந்தக் குதிர?"

"ஏழு வயசுல அம்மா அச்சுக்குப் பக்கத்துல உக்காந்து மீந்த மண்ணுல ஒரு குதிர செஞ்சேன். சூளைக்காரர்கிட்ட கெஞ்சி உள்ள வைக்கச் சொன்னேன். வெந்து வந்துது. நீங்க கட்டையோட கட்டையா அதையும் தட்டிப் பாத்தீங்க. 'சத்தம் சரியில்ல'ன்னு கல்லுல அடிச்சீங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்."

அக்கா ரொம்ப நேரம் யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, நல்ல கண்ணையும் மூடி யோசித்தார். வரவில்லை. எத்தனை ஆயிரம் உடைத்திருப்பார், அதில் ஒரு குதிரைக்கு எங்கே போவார்? "வெடிச்சிருந்துதா?" என்று கேட்டார்.

"காலுல லேசா."

"அப்ப ஒடச்சிருப்பேன்."

"வெளையாட்டுச் சாமான்தான பெரியம்மா. அதுல கரண்டு போவாதே."

இருபது வருடமாக அவன் கேட்க நினைத்திருந்த கேள்வி அது என்று குரலிலேயே தெரிந்தது. அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தார். "ஆமாய்யா. போவாது" என்றார். திரும்பி வரும் வழியில், பஸ் ஜங்ஷனைத் தாண்டியதும், "ஓரமா எடுத்து வச்சிருக்கலாம், இல்ல?" என்று என்னிடம் கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூனில் பள்ளி திறந்தது. மேடம் வேறு ஆயாவைப் போட்டார்.

ஆகஸ்டில் தொழிற்பேட்டை பரபரப்பானது. கொலு சீசனுக்குப் பொம்மை ஆர்டர் குவியும் காலம். இந்த வருடம் பிள்ளையாரையும் செட்டியாரையும் தாண்டிக்கொண்டு சூனியக்காரி பொம்மை போனது. கார்ட்டூன் கம்பெனியே அச்சு அனுப்பி, அக்காவின் பழைய கம்பெனிக்கு ஆர்டர் கொடுத்தது. வெடித்த பொம்மை ஒன்றுகூட வரக் கூடாது என்று நிபந்தனை. சத்தம் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டுமே? கம்பெனி மேஸ்திரி பழமலைநாதன் நேராக அக்கா வீட்டுக்கு வந்தார். அக்கா மறுபேச்சு இல்லாமல் மூக்குத் துணியை எடுத்துக் கட்டிக்கொண்டு போனார். வேறு எங்கே போவார்?

காலாண்டு விடுமுறைக்கு முன்னால் எல்லாப் பிள்ளைக்கும் ஆளுக்கொரு ஆராயி பொம்மை பரிசு என்று அன்பரசி மேடம் முடிவு செய்தார். பிள்ளைகள் கேட்கிறார்களாம். பொம்மையாக, ஒரு சாண் உயரத்தில், கையில் எடுத்து அடிக்கிற மாதிரி இருந்தால் சூனியக்காரியைப் பிடிக்கத்தானே செய்யும்? நாற்பது பொம்மை வாங்கி வர என்னைத்தான் அனுப்பினார்.

போனேன். அதே பலகை, அதே கல். அக்கா உட்கார்ந்திருந்தார். முன்னால் வரிசை வரிசையாக ஆராயிகள். வெள்ளை முடி, பாதிக் கண், மூக்கில் கட்டிய துணிகூட நீல வண்ணத்தில் அழகாகத் தீட்டியிருந்தது. அசல் ஆளின் தலையில்தான் டை பாதி கழன்று செம்பட்டை பாய்ந்திருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து, அதன் மண்டையில் குச்சியால் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டு, வலது பக்கம் வைத்தார். இடது பக்கம், கல்லுக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

"வா சங்கரி" என்றார். துணியை இறக்கி இருமி முடித்துவிட்டுச் சொன்னார்: "காலையிலேருந்து பாக்குறேன். முந்நூறு ஆயிடுச்சு. ஒண்ணாவது கெட்டு வரும்னு பாத்தா வர மாட்டேங்குது."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "சும்மா ஒரு பத்த எடுத்துப் போட்டு ஒடைங்கக்கா. யாரு கேக்கப் போறாங்க? சத்தம் சரியில்லன்னு சொல்லிடுங்க."

வெடித்த கட்டையைப் பார்க்கிற பார்வையை என் மேல் ஒரு நொடி வைத்தார். "சத்தம் நல்லா இருக்குதே சங்கரி. எப்புடி ஒடைக்கிறது?"

பழமலைநாதன் எட்டிப் பார்த்து, கழிவு எத்தனை என்று கேட்டார். "கழிவே இல்லைங்க. அத்தனையும் நல்லாத்தான் இருக்குது" என்றார் அக்கா. குரலில் ஒன்றும் இல்லை.

நாற்பதை எண்ணி வைக்கோல் போட்டு அட்டைப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தார். தூக்கப் போன என்னை நிறுத்தி, பலகைக்கு அடியிலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தார். அதுவும் ஓர் ஆராயிதான். பிரித்து, என் காதுக்குப் பக்கத்தில் பிடித்து ஒரு தட்டு தட்டினார். கோயில் மணி மாதிரி நின்று ஒலித்தது.

"இருக்குறதுலயே இதுதான் நல்ல சத்தம். கீழ போட்டாக்கூட லேசுல ஒடையாது. பாஹிமாகிட்ட இத குடு. ஒதட்டுத் தழும்பு மறஞ்சிடுச்சா?"

"மறைஞ்சிடுச்சு அக்கா."

"நான் குடுத்தேன்னு சொல்லாத."

வெள்ளிக்கிழமை பிள்ளைகளுக்குப் பொம்மை கொடுத்தோம். பாஹிமா அதை வாங்கியதும் அதன் பாதிக் கண்ணை விரலால் தடவிப் பார்த்தது. மத்தியானம் பாயில் படுத்து, பொம்மையைத் தன் மடிக்குப் பக்கத்தில் அணைத்துக்கொண்டு, "தூங்கு ஆராயி, தூங்கு" என்று தட்டிக் கொடுத்துக்கொண்டே தூங்கிப்போனது. எழுந்ததும் என்னிடம் வந்து, "மிஸ், இத யாரு செஞ்சாங்க?" என்று கேட்டது.

நான் சொல்லவில்லை.